திருத்தந்தைமீது புகார் வந்தால் எங்கே போவது?

எல்லோருக்கும் வணக்கம். கூட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். "ஐயா, பங்குச் சாமியார்மேல் புகார் என்றால் ஆயரிடம் போகலாம். ஆயர்மேல் என்றால் உரோமைக்கு எழுதலாம். போப்மேலேயே புகார் என்றால் எங்கே போவது?" என்று கேட்டார். நான் தயார் செய்து வந்த தலைப்பு இதுதான், ஆனால் இவ்வளவு தெளிவாக நானே கேட்டுக்கொண்டதில்லை. அதனால் அவருக்குப் பதில் சொல்வதுபோலவே பேசிவிடுகிறேன்.

முதலில் சட்டம். 1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1752 சட்டங்கள் உள்ளன. அவற்றில் 1404-ஆவது இலத்தீனில் ஐந்தே சொற்கள்: பிரிமா சேதெஸ் ஆ நேமினே யூதிகாத்தூர். முதல் பீடத்துக்குத் தீர்ப்பிட எவரும் இல்லை. முதல் பீடம் என்றால் பேதுருவின் இருக்கை, அதாவது திருத்தந்தை. இதை மீறி ஒரு திருச்சபை நீதிமன்றம் அவரை விசாரித்துத் தீர்ப்பே எழுதினாலும், அப்படியொன்று நடந்ததாகவே கணக்கில்லை என்று 1406-ஆவது சட்டம் சொல்கிறது. அவர் கொடுத்த தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் கிடையாது. அவருடைய ஒரு முடிவுக்கு எதிராக, உலக ஆயர்கள் கூடும் பொதுச்சங்கத்திடம் முறையிட்டால் அதுவே தண்டனைக்குரிய குற்றம்.

கேட்டவுடன் கோபம் வருகிறது இல்லையா? எனக்கும் முதல் முறை படித்தபோது வந்தது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருத்தந்தை தவறே செய்ய மாட்டார் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்த தவறா வரம், விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி அவர் அதிகாரபூர்வமாகக் கொடுக்கும் இறுதிப் போதனைக்கு மட்டுமே உரியது. ஒரு மனிதராக அவரும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிடுகிறவர்தான். அவர் பொய் சொல்லலாம், ஆள் தெரியாமல் நம்பலாம், குற்றவாளியைக் காப்பாற்றிவிடலாம். அப்படி நடந்தால் அதற்குத் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் பூமியில் இல்லை. சட்டம் சொல்வது அவ்வளவுதான்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த, அதே சமயம் மனதைச் சங்கடப்படுத்தும் ஒரு வரலாறு இருக்கிறது. 498-இல் உரோமையில் ஒரே நாளில் இரண்டு பேர் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், சிம்மாக்குஸும் லாரென்சியுஸும். யார் உண்மையானவர் என்று முடிவு செய்யச் சொல்லி ராவென்னாவில் இருந்த அரசர் தெயோதரிக்கிடம் போனார்கள். அவர் சிம்மாக்குஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார். இத்தனைக்கும் தெயோதரிக் கத்தோலிக்கரே அல்ல; ஆரியுஸின் கொள்கையைப் பின்பற்றியவர். சில ஆண்டுகளில் சிம்மாக்குஸ்மீது புகார்கள் கிளம்பின. உயிர்ப்புப் பெருவிழாவைத் தவறான நாளில் கொண்டாடினார், பெண்களோடு தகாத உறவு வைத்திருந்தார், கோவில் சொத்தை விரயம் செய்தார் என்றெல்லாம். அரசர் கூப்பிட்டனுப்பினார். பாதி வழிவரை போன சிம்மாக்குஸ் இரவோடு இரவாகத் திரும்பி வந்து பேதுரு ஆலயத்துக்குள் புகுந்துகொண்டார்.

அப்புறம் அரசர் ஆயர்களின் சங்கத்தைக் கூட்டினார். சிம்மாக்குஸ் அதன் முன் வருவதற்குப் புறப்பட்டபோது எதிர்த்தரப்புக் கும்பல் வழியிலேயே தாக்கியது. அவரோடு வந்த குருக்கள் கொல்லப்பட்டார்கள். இனி வரமாட்டேன் என்றார் அவர். ஆயர்கள் கையைப் பிசைந்தார்கள். கடைசியில், இந்த வழக்கைக் கடவுளின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறோம் என்று அறிவித்துக் கலைந்தார்கள். குற்றமற்றவர் என்று அவர்கள் சொல்லவில்லை, குற்றவாளி என்றும் சொல்லவில்லை.

இந்தச் சண்டையின் நடுவில், சிம்மாக்குஸின் ஆதரவாளர்கள் சில பழைய ஆவணங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் ஒன்று, இருநூறு ஆண்டுகளுக்கு முன் மார்செல்லீனுஸ் என்ற திருத்தந்தை உரோமைப் பேரரசர் டியோக்லேசியனின் துன்புறுத்தலுக்குப் பயந்து பொய்த் தெய்வங்களுக்குச் சாம்பிராணி போட்டார் என்றும், சினுவெஸ்ஸா என்ற ஊரில் கூடிய ஆயர்கள் அவரை விசாரிக்காமல், "நீரே உமக்குத் தீர்ப்பிடும், முதல் பீடத்துக்கு வேறு யாரும் தீர்ப்பிட முடியாது" என்று சொன்னதாகவும், அவர் தம் வாயாலேயே தம்மைக் கண்டனம் செய்ததாகவும் சொன்னது. அப்படி ஒரு சங்கம் கூடவே இல்லை. முழுதும் அப்போது எழுதிய போலி ஆவணம். இன்று சட்டப் புத்தகத்தில் இருக்கும் அந்த வாக்கியத்தின் வேர் அங்கே இருக்கிறது. நம் திருச்சபையை நேசிக்கிறவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அந்தப் போலிக் கதையை எழுதியவருக்குக்கூட, திருத்தந்தை தப்பித்துப் போய்விடுவதாகக் கதையை முடிக்க மனம் வரவில்லை. அவர் தமக்கே தீர்ப்பிட்டதாகத்தான் எழுத வேண்டியிருந்தது.

முந்நூறு ஆண்டு கழித்து மூன்றாம் லியோ. 799 ஏப்ரல் 25 அன்று பவனியாகப் போய்க்கொண்டிருந்தவரைத் தாக்கி, கண்ணையும் நாக்கையும் பிடுங்கப் பார்த்தார்கள். தப்பி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, பாதர்போர்னில் இருந்த அரசர் சார்லமேனிடம் போய்ச் சேர்ந்தார். புகார் சொன்னவர்களும் விடவில்லை: விபசாரம், பொய்ச் சத்தியம் என்று குற்றச்சாட்டு. 800 நவம்பர் இறுதியில் சார்லமேன் உரோமைக்கு வந்து, டிசம்பரில் சபையைக் கூட்டினார். தீர்ப்புச் சொல்ல எந்த ஆயரும் வாய் திறக்கவில்லை. டிசம்பர் 23 அன்று லியோ, நற்செய்தி நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரும் எனக்குத் தீர்ப்பிடவோ என்னைக் கட்டாயப்படுத்தவோ இல்லை, என் விருப்பத்தில் செய்கிறேன் என்று சொல்லி, தாம் குற்றமற்றவர் எனச் சத்தியம் செய்தார். இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்து பிறப்பு விழாவில் அதே சார்லமேனுக்குப் பேரரசராக முடிசூட்டினார். யாருக்கு யார் கடன்பட்டிருந்தார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 897-இல் திருத்தந்தை ஸ்தேவான், தமக்கு முன் இருந்த பொர்மோசுஸின் பிணத்தைத் தோண்டி எடுத்து, உடை உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்து விசாரித்தார். தீர்ப்புக்குப் பின் பிணத்தை டைபர் ஆற்றில் வீசினார்கள். அதே ஆண்டு ஸ்தேவான் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டா? 1140 வாக்கில் கிராசியன் தொகுத்த சட்டத் திரட்டில் உண்டு. திருத்தந்தை யாராலும் தீர்ப்பிடப்பட மாட்டார், விசுவாசத்திலிருந்து விலகியவராகக் காணப்பட்டாலொழிய என்றது அது. தப்பறையில் விழுந்த திருத்தந்தை தானாகவே பதவி இழக்கிறாரா, திருச்சபை அறிவித்த பிறகு இழக்கிறாரா என்று இறையியலாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடினார்கள். ஆனால் 1917 தொகுப்பிலும் சரி, 1983 தொகுப்பிலும் சரி, அதற்கான நடைமுறை ஒரு வரிகூட இல்லை. கான்ஸ்டன்ஸ் சங்கம் 1415-இல் 23-ஆம் யோவானைப் பதவியிலிருந்து இறக்கியதே என்று கேட்பீர்கள். அப்போது மூன்று பேர் நான்தான் திருத்தந்தை என்றார்கள். அவர்களில் உரோமையின் வரிசையில் வந்த 12-ஆம் கிரகோரி தாமாகவே பதவி விலகினார். இறக்கப்பட்ட யோவானைத் திருச்சபை உண்மையான திருத்தந்தையாக எண்ணுவதில்லை. அதனால்தான் 1958-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதே பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொள்ள முடிந்தது.

பதவி விலகச் சொல்லி நெருக்கலாமே என்றால், 332-ஆவது சட்டப்படி விலகல் சுதந்திரமாக நடக்க வேண்டும். கட்டாயத்தில் விலகினால் செல்லாது.

சரி, நம் காலத்துக்கு வருவோம். 2018 ஜனவரியில் சிலி நாட்டுக்குப் போன திருத்தந்தை பிரான்சிஸ், ஆயர் ஹுவான் பாரோஸ்மீது சொல்லப்பட்ட புகார்களை அவதூறு என்றார். ஒரு குருவின் பாலியல் கொடுமைகளைப் பாரோஸ் மூடி மறைத்தார் என்பது புகார். பாதிக்கப்பட்டவர்கள் துடித்துப்போனார்கள். பாஸ்டன் கர்தினால் ஓ'மாலி, அந்த வார்த்தைகள் அவர்களுக்குப் பெரும் வேதனை தந்தன என்று வெளிப்படையாகச் சொன்னார். பிரான்சிஸ், பேராயர் ஷிக்ளூனாவை அனுப்பி விசாரிக்கச் செய்தார். 2300 பக்கங்களில் அறிக்கை வந்தது. ஏப்ரலில் தாம் கடுமையாகத் தவறிவிட்டதாகக் கடிதம் எழுதி, பாதிக்கப்பட்டவர்களை உரோமைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டார். எந்த நீதிமன்றமும் அவரைக் கூண்டில் நிறுத்தவில்லை. திருத்தந்தை தமக்கே தீர்ப்பிடுவது என்ற, சினுவெஸ்ஸாவில் நடக்காத ஒன்று இங்கே உண்மையிலேயே நடந்தது.

அடுத்து, பாலியல் புகார்களுக்கு ஆளான அமெரிக்க முன்னாள் கர்தினால் மக்காரிக் விவகாரம். 2018 ஆகஸ்டில் பேராயர் விகனோ, இவரைப் பற்றித் தெரிந்தும் பிரான்சிஸ் பாதுகாத்தார், பதவி விலக வேண்டும் என்று எழுதினார். ஒரு வார்த்தையும் பதில் சொல்ல மாட்டேன் என்றார் பிரான்சிஸ். ஆனால் ஆவணங்களைத் தேடச் சொன்னார். 2020 நவம்பர் 10 அன்று திருப்பீடச் செயலகம் ஏறத்தாழ 450 பக்க அறிக்கையை வெளியிட்டது. நியூயார்க் கர்தினால் ஓ'கானர் 1999-இல் எழுதி எச்சரித்த பிறகும், இரண்டாம் யோவான் பவுல் மக்காரிக்கின் மறுப்பை நம்பி அவரை வாஷிங்டன் பேராயராக்கினார் என்பது அதில் தேதிவாரியாக இருக்கிறது. இரண்டாம் யோவான் பவுலோ 2014-இலேயே புனிதராக உயர்த்தப்பட்டுவிட்டவர். இருந்தும் எழுதினார்கள்.

என் வாதம் இதுதான். 1404-ஆவது சட்டம் தீர்ப்பைத்தான் தடுக்கிறது. கேட்பதை, ஆவணம் திரட்டுவதை, வெளியிடுவதைத் தடுக்கவில்லை. தெயோதரிக் காலத்தில் புகாரின் பின்னால் படை நின்றது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது, அரசர்களின் கைக்கு அந்த இருக்கை எட்டாதிருக்க விதி தேவைப்பட்டது. இன்று புகாரோடு வருபவரின் கையில் ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது. சிறுவயதில் அனுபவித்ததை நாற்பது வயதில் எழுதி முடித்த கடிதம். 2019-இல் பிரான்சிஸ் கொண்டுவந்த 'நீங்கள் உலகுக்கு ஒளி' என்ற சட்டம் ஆயர்கள், கர்தினால்கள்வரை புகாருக்கு வழி வகுத்தது. அதற்கு மேலே ஒரு படி மட்டும் வைக்கப்படவில்லை. அந்தப் படியை வைக்கக்கூடியவர் ஒருவர்தான். தம்மைப் பற்றிய புகாரைப் பெற்று, விசாரித்து, கண்டதை அப்படியே வெளியிட ஒரு குழுவைத் திருத்தந்தையே நியமிக்கலாம். மூன்றாம் லியோ தம் விருப்பத்தில் நற்செய்தி நூலைத் தொட்டது போல, இதையும் தம் விருப்பத்திலேயே செய்யலாம்.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 212-ஆவது சட்டம், திருச்சபையின் நலனைத் தொட்ட விஷயத்தில் தம் மனதில் உள்ளதை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும்கூட என்கிறது. 1417-ஆவது சட்டப்படி எந்த விசுவாசியும் தம் வழக்கைத் திருப்பீடத்துக்கே கொண்டுபோகலாம். ஆகவே நீங்கள் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் உறையின்மேல் நீங்கள் எழுதும் பெயர், யார்மேல் புகாரோ அவருடைய பெயராகவே இருக்கும். வேறு முகவரி சட்டத்தில் இன்னும் இல்லை.