ஃபிகோவுக்கு ஒரு நியாயம், லூயிஸ் என்ரிக்கேவுக்கு ஒரு நியாயமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கால்பந்தை உயிராக நினைத்து இங்கே வந்திருக்கும் ரசிகர்களே, வணக்கம்.

போர்ச்சுகல் ஆட்டக்காரர் லூயிஸ் ஃபிகோ 2000-இல் ஸ்பெயினின் பார்சிலோனா அணியை விட்டு அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போனது துரோகமா, இல்லையா? இல்லவே இல்லை என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பருக்குப் பேசும்போதே தொண்டை அடைத்தது. அந்த வலி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில் தங்கள் கட்டலான் மொழியை வெளியில் பேசத் தயங்கிய பார்சிலோனா மக்கள், மைதானத்துக்குள் வந்துதான் வாய்விட்டுப் பேசினார்கள். ஐந்து வருடம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒருவர் மாட்ரிட்டின் வெள்ளைச் சட்டையைப் போட்டால் அவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். சரி. வயிறு எரிந்தது என்பதற்காக அவரைத் துரோகி என்று சொல்லிவிடலாமா?

2000 அக்டோபர் 21. ஃபிகோ மாட்ரிட் ஆட்டக்காரராகப் பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்துக்குத் திரும்பி வந்த இரவு. அவர் காலில் பந்து பட்டாலே காதைப் பிளக்கும் விசில். 'பெசெத்தேரோ' என்று கத்தினார்கள். காசுக்கு அலைபவன் என்று அர்த்தம். பார்சிலோனா 2-0 என்று ஜெயித்தது. அந்த முதல் கோலைப் போட்டது யார்? லூயிஸ் என்ரிக்கே. மைதானமே எழுந்து ஆர்ப்பரித்தது.

நடுவர் அவர்களே, அந்த லூயிஸ் என்ரிக்கே எங்கிருந்து வந்தவர்? மாட்ரிட்டில் ஐந்து வருடம் ஆடிவிட்டு 1996-இல் பார்சிலோனாவுக்கு வந்தவர். 1995 ஜனவரியில் மாட்ரிட் பார்சிலோனாவை 5-0 என்று நொறுக்கியதே, அதில் ஒரு கோல் இவருடையது! இவரும் ஐந்து வருடம், அவரும் ஐந்து வருடம். வந்தவர் வீரன், போனவர் துரோகியா?

"லூயிஸ் என்ரிக்கே ஒப்பந்தம் முடிந்துதானே வந்தார்?" என்று எதிரணியில் ஒருவர் தலையாட்டுகிறார். ஆமாம். அதனால் மாட்ரிட்டுக்கு ஒரு பெசெட்டா (ஸ்பெயினின் பழைய காசு) கூடக் கிடைக்கவில்லை. ஃபிகோ போனபோது பார்சிலோனாவுக்குக் கிடைத்தது சுமார் 6 கோடி யூரோ. அன்றைக்கு அது உலக சாதனை. இவ்வளவு கட்டினால் இவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே விலை இருந்தது. மாட்ரிட் அதை முழுசாகக் கட்டியது. அதே கோடையில் பார்சிலோனா என்ன செய்தது? அர்செனலின் ஓவர்மார்ஸையும் பெத்தியையும் காசு கொடுத்து வாங்கி வந்தது. கிளப் ஆள் வாங்கினால் அது நிர்வாகம், ஆட்டக்காரர் இடம் மாறினால் காசாசையா?

எதிரணி வைத்ததில் கனமான கேள்வி ஒன்று உண்டு, மழுப்பமாட்டேன். "பார்சிலோனாவிலேயே இருப்பேன் என்று பத்திரிகையில் சொன்னாரே?" சொன்னார். சொன்ன சொல் மாறியது தவறு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஜூலை மாதத்தைக் கொஞ்சம் பாருங்கள். அவருடைய ஏஜென்ட் ஜோசே வேய்கா, மாட்ரிட் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஃப்ளோரென்டினோ பெரெஸோடு முன்ஒப்பந்தம் போட்டுவிட்டார். மீறினால் பெரிய அபராதம். பெரெஸ் அதையே தேர்தல் வாக்குறுதி ஆக்கினார்: ஃபிகோ வராவிட்டால் உறுப்பினர்களின் சீசன் டிக்கெட் காசை நானே கட்டுகிறேன்! 16-ஆம் தேதி ஜெயித்தும்விட்டார். அந்த நேரத்தில் பார்சிலோனாவிலும் தலைவர் தேர்தல். அங்கே காஸ்பார்ட் 23-ஆம் தேதி ஜெயித்தார். மறுநாள் ஃபிகோ மாட்ரிட்டில். இரண்டு கிளப்பின் தேர்தலுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனிதரிடம் மட்டும் மொத்தப் பழியையும் கேட்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

அப்புறம் 2002 நவம்பர், அதே கேம்ப் நோ. ஃபிகோ கார்னர் எடுக்கப் போகிறார். மேலேயிருந்து நாணயம், செல்போன், விஸ்கி பாட்டில் எல்லாம் வந்து விழுகின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு பன்றித்தலை. அந்தப் பாட்டில் ஒன்று அவர் நெற்றியில் பட்டிருந்தால்? ஆட்ட நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு அணியையும் கால் மணி நேரம் உள்ளே அனுப்பவேண்டியதாயிற்று. அந்தக் கார்னரில் பந்தை வைத்துக்கொண்டு நின்றவர், அதே மைதானத்துக்கு இரண்டு லீக் பட்டம் ஜெயித்துக் கொடுத்தவர்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் எனக்கு ஒரு கேள்விதான். லூயிஸ் என்ரிக்கேயின் கோலுக்கு அன்று கேம்ப் நோ கைதட்டியது சரியா, தப்பா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.