ஐந்து கோல் வாங்கிய ஊர்

அன்பு நண்பர்களே, வணக்கம். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது தோற்றவர்களைப் பற்றி. அதுவும் ஐந்து கோல் வாங்கி, பதிலுக்கு ஒன்றுகூடப் போடாமல் தோற்றவர்களைப் பற்றி.

இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு வடக்கே, கடலோரமாகக் கிராஸ்பி என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கால்பந்து அணியின் பெயர் மரீன். 1894ல் தொடங்கியது. 2021 ஜனவரியில் அது மேலிருந்து எட்டாவது படிநிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களில் பள்ளி ஆசிரியர் உண்டு, குப்பை அள்ளும் வேலை பார்ப்பவர் உண்டு. இங்கிலாந்தின் பெரிய அணிகளும் சின்ன அணிகளும் சேர்ந்து மோதும் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாவது சுற்றுக் குலுக்கலில் இவர்களுக்கு விழுந்த பெயர், முதல் படிநிலையில் இருந்த லண்டன் அணி டாட்டன்ஹாம்! தரவரிசையில் இரண்டு அணிகளுக்கும் நடுவே 161 இடங்கள். அந்தக் கோப்பையில் அதுவரை இத்தனை இடைவெளியுள்ள இரண்டு அணிகள் மோதியதே இல்லை.

மரீன் ஒன்றும் அதிர்ஷ்டத்தில் அங்கே வந்துவிடவில்லை. முதல் சுற்றில், நான்கு படி மேலே இருந்த கால்செஸ்டரைப் பெனால்டியில் வென்றார்கள். அடுத்த சுற்றில், கூடுதல் நேரமும் முடியப்போகிற தறுவாயில் நியால் கம்மின்ஸ் ஒரு கோல் போட்டார். அவர் உடற்கல்வி ஆசிரியர்.

அந்த மைதானத்தைக் கொஞ்சம் மனசில் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் கேலரியே கிடையாது. வீடுகளின் கொல்லைப்புற வேலிதான். பயிற்சியாளர்கள் உட்காரும் இடமும் அந்த வேலியோரம்தான். ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை இரண்டு முறை வென்ற மொரீன்யோ, அன்றைய டாட்டன்ஹாம் பயிற்சியாளர், அங்கே நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டம். கொரோனா காலம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் தங்கள் தோட்டத்தில் நின்றே ஆட்டம் பார்த்தார்கள்.

ஆட்டம் 0-0 என்று இருந்தபோது, மரீனின் நீல் கெங்னி தூரத்திலிருந்து ஓங்கி அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு சாண் தாழ்ந்திருந்தால்! இதைச் சொல்லும்போது இன்னமும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். டாட்டன்ஹாமின் வினீசியஸ் ஹாட்ரிக், மோரா ஒரு ஃப்ரீகிக், கடைசியாகப் பதினாறு வயதுப் பையன் டிவைன். 5-0.

சரி, மரீனுக்கு என்ன கிடைத்தது? உள்ளே விட முடியாத ஆட்டத்துக்கு, பத்து பவுண்டு விலையில் அடையாள டிக்கெட் விற்றார்கள். சுமார் 3,000 பேர் கொள்ளும் மைதானம். விற்றதோ 30,000க்கு மேல். உட்கார முடியாத இருக்கைக்கு மனமுவந்து காசு கொடுத்திருக்கிறார்கள், ஐயா! ரசிகர் வராமல் வருமானம் வற்றிப்போன வருஷத்தில் அந்தப் பணம்தான் கழகத்துக்குக் கைகொடுத்தது.

பெரிய அணியிடம் தோற்கும் வாய்ப்பே சின்ன அணிக்கு ஒரு சொத்து. அதனால்தான் அடுத்து நடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. முன்பெல்லாம் இந்தக் கோப்பையில் ஆட்டம் சமனில் முடிந்தால், எதிரணியின் மைதானத்தில் மறு ஆட்டம் உண்டு. டிக்கெட் வசூலை இரு அணிகளும் பங்கிட்டுக்கொள்ளும். 2024-25 பருவத்திலிருந்து, முதல் சுற்று தொடங்கி மறு ஆட்டமே இல்லை என்று எடுத்துவிட்டார்கள். பெரிய அணிகளுக்கு ஆட்டங்கள் அதிகமாகிவிட்டன, நாள் கிடைக்கவில்லை என்பது காரணம். அவர்கள் களைப்புக்குச் சின்னவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

2025 ஜனவரியில் ஐந்தாவது படிநிலையில் இருந்த டாம்வொர்த், அதே டாட்டன்ஹாமைத் தன் மைதானத்தில் தொண்ணூறு நிமிடமும் கோல் போட விடவில்லை. கோல்கீப்பர் ஜஸ் சிங், கட்டட சர்வேயர். கூடுதல் நேரத்தில் கால்கள் ஓய்ந்து மூன்று கோல் வாங்கினார்கள். பழைய விதி இருந்திருந்தால், 62,000 பேர் உட்காரும் டாட்டன்ஹாமின் லண்டன் மைதானத்தில் மறு ஆட்டம். அன்று சாயங்காலமே டாம்வொர்த்தில் பஸ் பேச ஆரம்பித்திருப்பார்கள்.