வாழைப்பழ வாசம் எங்கிருந்து வருகிறது?

மேசையில் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று பச்சைக் காய், ஒன்று நன்றாகக் கனிந்த பழம். (பேசி முடித்ததும் பழம் எனக்குத்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.) காயில் மூக்கை வைத்தே முகர்ந்தாலும் பச்சை வாடைதான். பழத்துக்கு அந்தச் சிரமம் இல்லை, வாசம் இதற்குள் மூன்றாம் வரிசைக்கு வந்திருக்கும். நாலைந்து நாளில் உள்ளே என்னதான் நடந்தது?

மாவுச்சத்து சர்க்கரையாகிறது, அதனால் மணக்கிறது என்பீர்கள். பாதி சரி. சர்க்கரை இனிக்கும், மணக்காது. நம்பிக்கை இல்லையென்றால் வீட்டில் சீனி டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாழை வாசத்துக்குச் சரக்கு அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது, பருப்பிலும் முட்டையிலும் புரதம் புரதம் என்கிறோமே, அந்தப் புரதத்தைக் கட்டுகிற செங்கற்கள்.

வாழையில் முக்கியமான செங்கல் லூசின். அதில் ஆறு கார்பன். பழுக்கும்போது ஒரு நொதி (என்சைம்) அதன் நைட்ரஜன் பகுதியைக் கழற்றுகிறது, அடுத்த நொதி ஒரு கார்பனைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளுகிறது, மிஞ்சிய ஐந்து கார்பன் துண்டு ஆல்டிஹைடாகி, அப்புறம் ஆல்கஹாலாகி, கடைசியில் இன்னொரு நொதி அதோடு ஒரு அசிட்டைல் துண்டை ஒட்டிவிட, ஐசோஅமைல் அசிட்டேட் தயார். மிட்டாயில் சேர்க்கும் வாழைப்பழ எசென்ஸில் முக்கியமானதும் இதுதான். இது ஊகமில்லை, கதிரியக்கக் குறியிட்ட லூசினை வாழைப்பழத் துண்டுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்தக் குறி இந்த வாசப் பொருளில் வந்து நின்றது. சுவாரசியம் என்னவென்றால், அமினோ அமிலம் ஆல்கஹாலாகும் இந்த வழியை பெலிக்ஸ் எர்லிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1907-லேயே கண்டுபிடித்துவிட்டார், பழத்தில் அல்ல, ஈஸ்டில்.

லூசினுக்குப் பதில் ஐசோலூசினைப் போட்டால் ஆப்பிள் வாசத்தின் ஒரு பகுதி. தக்காளியில் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம், அங்கே வரிசையே மாறி, கார்பன் முதலில் போய்விடும், முடிவில் வருவது ரோஜாவில் இருக்கும் அதே பினைல்எத்தனால்! பழுப்பதைத் தொடங்கிவைக்கும் எத்திலீன் வாயுகூட மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் பிள்ளைதான். நம் ஊரில் வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுவார்களே, அந்தப் புகையிலும் கொஞ்சம் எத்திலீன் உண்டு.

ஒரு சின்ன சண்டை, ஃபிரிட்ஜோடு. பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறுவதில்லை, ஆனால் வாசம் செய்யும் மரபணுக்களின் வேலை சுருண்டுவிடுகிறது என்று 2016-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெளியே எடுத்து வைத்தாலும் முழுசாகத் திரும்புவதில்லை. தக்காளி சப்பென்று இருக்கிறது என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஃபிரிட்ஜையும் ஒருமுறை பாருங்கள்.

சரி, பழத்தை உரிக்கப்போகிறேன். இங்கே யாராவது தேனீப் பெட்டி வைத்திருக்கிறீர்களா? தேனீ கொட்டும்போது கூட்டத்தை உசுப்ப வெளியிடும் எச்சரிக்கை வாசத்திலும் முக்கியப் பொருள் இதே ஐசோஅமைல் அசிட்டேட், 1962-இல் கண்டுபிடித்தது. பெட்டியைத் திறக்கப் போகும் நாளில் வாழைப்பழத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.