சுவைக்கும் முன் சுற்றிப்பார்த்தது

நேயர்களுக்கு வணக்கம்.

கிராமப்புறத்தில் ஒரு குடும்பம் நடத்திவரும் சிறிய பியர் ஆலையைச் சுற்றிப்பார்த்து, அங்கேயே காய்ச்சிய பியர்களைச் சுவைத்துவிட்டு வந்தேன். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அப்படி ஓர் இடத்துக்குப் போகிறவர்கள் நேராகச் சுவைக்கும் மேசையில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கோப்பையில் நாவுக்கு எட்டும் ஒவ்வொரு சுவையும் அந்த ஆலைக்குள் ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு நேரத்தில் உருவாகியிருக்கிறது. அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தச் சுவை எளிதில் பிடிபடுகிறது.

எங்களை முதலில் தானிய அறைக்குள் அழைத்துப்போனார்கள். பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை நீளுமுன் அனலில் உலர்த்தி எடுப்பதுதான் மால்ட். ஆலையின் உரிமையாளர் மூன்று மூட்டைகளிலிருந்து ஒவ்வொரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, மென்று பார்க்கச் சொன்னார். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் உலர்ந்த வெளிர் மால்ட் மொறுமொறுவென உடைந்து, மெல்ல மெல்ல இனித்தது. அதைவிடக் கூடுதலான சூட்டில் உலர்ந்தது பிஸ்கட்டைப் போல மணத்தது. 200 டிகிரிக்கும் மேலான சூட்டில் வறுத்த கறுப்பு மால்ட்டோ, காப்பிக்கொட்டையைக் கடித்தது போல் கசந்தது. ஸ்டவுட் என்னும் கரிய பியரில் காப்பித் தூளைக் கலக்கிறார்கள் என்று எண்ணுபவர்கள் உண்டு. சில ஆலைகள் கலப்பதும் உண்மைதான். ஆனால் இங்கே அந்த மணம் முழுவதும் வறுத்த தானியத்தின் மணமே என்பதை அந்த ஒரு சிட்டிகையே சொல்லிவிட்டது.

அடுத்து, உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் தொட்டி. அங்கே ஏறத்தாழ 65 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் கூழ் போலக் கிடக்கும்போது, தானியத்திலேயே உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. சூடு சில டிகிரி இறங்கினால், பின்னர் இந்தச் சாற்றை நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் எளிதில் உண்ணும் சர்க்கரை மிகுந்து, பியர் இனிப்பற்று மெலிந்து நிற்கும். சில டிகிரி ஏறினால் ஈஸ்டுக்குச் செரிக்காத சர்க்கரை தங்கிவிட, வாயில் கனமும் திரட்சியும் தெரியும். அத்தனை சிறிய வேறுபாட்டுக்காக ஒருவர் தொட்டியின் பக்கத்திலேயே நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கமாட்டேன். சாற்றை வடித்தபின் மிஞ்சும் சக்கை மாட்டுத் தீவனமாகப் போகிறது.

பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். 1842-ஆம் ஆண்டு இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவின் பில்சென் நகரில் யோசெஃப் கிரோல் காய்ச்சிய பொன்னிற லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கும் பியர்) அவ்வளவு மென்மையாக அமைந்ததற்கு, அவ்வூர் நீரில் உப்புகள் மிகக் குறைவாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து நீரிலோ ஜிப்சம் மிகுதி. அது, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்னும் கொடிப்பூவின் கசப்பைக் கூர்மையாக்கிக் காட்டியது. இந்த ஆலைக்காரர்களும் தங்கள் கிணற்றைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள், அது நியாயமும்கூட.

உலர்ந்த ஹாப்ஸ் பூவை இரு கைகளுக்கும் நடுவே கசக்கியபோது மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து எலுமிச்சைத் தோலும் பச்சிலையும் கலந்தது போன்ற மணம் எழுந்தது. கொதிக்கும் சாற்றில் இந்தப் பூவைத் தொடக்கத்திலேயே போட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியோடு போய்விடும். கடைசியில் போட்டால் மணம் நிற்கும். ஒரே பூவை எப்போது போடுகிறோம் என்பதே இரண்டு வெவ்வேறு பியர்களைத் தந்துவிடுகிறது.

நொதிக்கும் அறையில் ஈஸ்டைப் பற்றிப் பேச்சு வந்தது. பியரில் எவை சேரலாம் என்று 1516-இல் ஜெர்மானியப் பகுதியான பவேரியாவில் பிறந்த புகழ்பெற்ற ஆணை பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே குறிப்பிட்டது. ஈஸ்டின் பெயர் அதில் இல்லை. 1883-இல்தான் கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒற்றை ஈஸ்ட் வகையைத் தனியே பிரித்து வளர்த்து, பியர் காய்ச்சுவதற்குப் பயன்படுத்திக் காட்டினார். ஏல் வகை ஈஸ்ட் மிதமான சூட்டில் சில நாட்களில் வேலையை முடிக்கும். லாகர் ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாக நொதிக்கும், பிறகும் வாரக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகே மேசைக்கு வந்தோம். இலேசானதிலிருந்து அடர்த்தியானதற்கு என்பதே சுவைக்கும் வரிசை. இல்லையென்றால் வறுத்த மால்ட்டின் கசப்பு நாவை மூடிவிடும். கோதுமை பியரில் வாழைப்பழமும் கிராம்பும் மணந்தன. இரண்டும் ஈஸ்ட் தந்தவை. ஹாப்ஸ் மிகுந்த ஏலை முகர்ந்ததுமே என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மஞ்சள் தூள் நினைவுக்கு வந்தது. ஸ்டவுட்டை நன்றாகக் குளிர்ந்த நிலையில் குடித்தபோது கசப்பு ஒன்றே தெரிந்தது. கோப்பையைக் கையில் சற்று நேரம் பொத்தி வைத்திருந்தபின், மூட்டையருகே நின்று மென்ற அந்தக் கறுப்பு மணி திரும்ப வந்தது.

கடைசியாக, இன்னும் விற்பனைக்கு வராத லாகரைத் தொட்டியிலிருந்தே பிடித்துத் தந்தார்கள். அதில் வெண்ணெய் மணம் வீசியது. நான் சொல்லத் தயங்கினேன், உரிமையாளரோ தாமே முகர்ந்து ஒத்துக்கொண்டார். நொதிக்கும்போது உண்டாகும் டையசெட்டில் என்னும் பொருளின் மணம் அது. முடியும் தறுவாயில் சூட்டைச் சில டிகிரி உயர்த்தி இரண்டு மூன்று நாள் விட்டால், ஈஸ்டே அதைத் திரும்ப உட்கொண்டுவிடும் என்று விளக்கினார். பிறகு எழுந்துபோய் அந்தத் தொட்டியின் குளிரூட்டியை நிறுத்தினார். அப்போது வெப்பமானி 10 டிகிரியைக் காட்டியது. மாலையில் விடைபெற்றுக்கொண்டு அந்த வழியே வெளியே வரும்போது பார்த்தேன். முள் 11-இல் நின்றது.