நகுமோவும் நம் ஊர் எண்ணெய்க் குதமும்

வணக்கம் நேயர்களே.

திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் போய் வந்தவர்கள் கண்டிருப்பீர்கள், காட்டுக்குள்ளே வரிசையாக நிற்கும் 99 எண்ணெய்க் குதங்களை. அவற்றோடு நின்ற இன்னொன்று, இன்றைக்கு உருகி வளைந்த இரும்பு மட்டும்தான். 1942 ஏப்ரல் 9 காலை, யப்பானிய விமானம் ஒன்று அதன்மேல் விழுந்து எரிந்தது.

என் அம்மாவுக்கு அப்போது பத்து வயது. அடுப்பில் நீத்துப்பெட்டிக்குள் புட்டு அவிந்துகொண்டிருந்ததாம். முதல் சத்தம் கேட்டதும் அம்மம்மா அடுப்பை அணைக்கவும் நிற்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலாவெளிப் பக்கம் நடந்துவிட்டார். "குண்டுச் சத்தம் கொஞ்ச நேரம்தான்ரா தம்பி, புகைதான் நாள்கணக்கா நிண்டது. வெளியில காயப்போட்ட சீலையெல்லாம் கரி" என்பார் அம்மா. திரும்பி வந்தபோது நீத்துப்பெட்டி அடுப்போடு எரிந்து கிடந்ததாம். குண்டைவிட அதைத்தான் கடைசிவரை கவலையோடு சொன்னார்.

அந்த விமானங்களை அனுப்பிய தளபதி வைஸ் அட்மிரல் சூயிச்சி நகுமோ. நான் சரித்திரம் படிப்பித்த காலம் முழுக்க பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சேர், அவர் வீரனா, கோழையா?"

1941 டிசம்பரில் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் துறைமுகத்தை அடித்தபோது யப்பானே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பிறகுதான் குறை பிடித்தார்கள். இரண்டு அலையாக விமானங்களை அனுப்பித் தாக்கியதோடு ஏன் திரும்பினார், அங்கிருந்த எண்ணெய்த் தாங்கிகளை ஏன் விட்டார் என்று. நமக்கு இது உடனே விளங்கும். இங்கே ஒரு குதம் எரிந்ததற்கே அத்தனை நாள் புகை என்றால், அங்கே எல்லாம் எரிந்திருந்தால்?

ஆனாலும் அந்தக் குறையை நான் ஏற்கமாட்டேன். அவருடைய கையில் 6 விமானந்தாங்கிக் கப்பல்கள். அமெரிக்காவின் விமானந்தாங்கிகள் துறைமுகத்தில் இல்லை, எங்கே நிற்கின்றன என்றும் அவருக்குத் தெரியாது. முதல் அலையில் 9 விமானங்களை இழந்தார், இரண்டாவதில் 20. மூன்றாவது அலைக்கு எதிரி ஆயத்தமாகத்தானே இருப்பான்? கப்பல்களைப் பத்திரமாகக் கொண்டுவந்ததைக் கோழைத்தனம் என்பது நீதியில்லை. இன்னும் ஒன்று. அன்று விமானங்களுக்குத் தலைமை தாங்கிப் பறந்த மிட்சுவோ ஃபுச்சிடா, திருகோணமலைக்கும் வந்தவர். மூன்றாவது அலைக்காகத் தாம் வாதாடியதாகப் போருக்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் உலகம் நம்பியது. இப்போது ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதில்லை.

நகுமோவைக் குறை சொல்ல வேண்டுமென்றால் நம் ஊருக்கு வந்த அந்த நாளை வைத்துச் சொல்லுங்கள். திரும்பவும் சொல்கிறேன், பேர்ள் துறைமுகத்தை வைத்து அல்ல, 1942 ஏப்ரல் 9-ஐ வைத்து. 5 விமானந்தாங்கிகளோடு வந்தார். துறைமுகத்துக் கப்பல்களைப் பிரித்தானியர் முதல்நாள் இரவே வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்படிப் போன பிரித்தானிய விமானந்தாங்கி 'ஹெர்மிஸ்' மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டு மூழ்கியது. 300 பேருக்கு மேல் போய்விட்டார்கள், பாவங்கள். அதே நேரம் பிரித்தானியரின் பிளெனிம் விமானங்கள் சில, யார் கண்ணிலும் படாமல் நகுமோவின் சொந்தக் கப்பலான 'அகாகி'க்கு மேலே வந்து குண்டு போட்டன. எல்லாம் கடலில் விழுந்தன, அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேலே குண்டு விழும்வரை காவலுக்கு நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை! அன்றைக்கே அந்த ஓட்டையை அடைத்திருக்க வேண்டாமா? இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பசிபிக் கடலில் மிட்வேத் தீவுப் பக்கம் நடந்த சண்டையில் அதே மாதிரி மேலிருந்து வந்த அமெரிக்க விமானங்கள் அவருடைய 4 விமானந்தாங்கிகளை முடித்துவிட்டன. அதில் மூன்று, 'அகாகி', 'சோரியு', 'ஹிரியு', நம் கடலுக்கு வந்து போனவை. என் அம்மா பார்த்த விமானங்கள் அவற்றிலிருந்து எழும்பியவையாகவும் இருக்கலாம்.

உப்புவெளியில் இருக்கும் யுத்த மயானத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதிக் கொண்டுவந்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கைகாட்டுகிறார்கள். நகுமோ 1944 யூலையில் சைப்பான் தீவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்த மயானம் நிலாவெளி வீதியில்தான் இருக்கிறது, பஸ்ஸிலிருந்தே தெரியும். ஒருநாள் இறங்கி, கல்லில் வெட்டியிருக்கும் வயதுகளை வாசித்துப் பாருங்கள். வணக்கம்.