ஒட்டுப்போர்வை எங்கே நின்றுபோகிறது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தையலில் ஈடுபாடு உள்ளவர்களிடம் ஒரு பை கட்டாயம் இருக்கும். உள்ளே துணித் துண்டுகளை இணைத்துப் பாதி தைத்த ஒட்டுப்போர்வை, கை வைக்காத சட்டை, விளிம்பு மடிக்காத பாவாடை என்று என்னென்னவோ கிடக்கும். எப்போது முடிப்பதாக உத்தேசம் என்று கேட்டால், "எங்கே நேரம் கிடைக்கிறது?" என்பார்கள். இந்தப் பதிலை நான் முழுதாக ஏற்பதில்லை. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். வானொலியிலும் கணக்கா என்று சலித்துக்கொள்ளாதீர்கள், எளிய கணக்குதான்.

ஓர் ஒட்டுப்போர்வையை எடுத்துக்கொள்வோம். 60 அங்குல அகலம், 70 அங்குல நீளம். ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளும் அளவு. தைத்த பிறகு 5 அங்குலம் நிற்கும் சதுரங்களை வைத்துச் செய்கிறோம். குறுக்கே 12, நெடுக்கே 14, ஆக 168 துண்டுகள். இவற்றை இணைக்கும் தையல்களை எல்லாம் ஒரே கோடாக நீட்டினால் சுமார் 41 மீட்டர் வரும். ஒரு தையல் இரண்டரை மில்லிமீட்டர் என்றால், ஏறக்குறைய 16,500 தையல். மெஷினை மெதுவாக, நிமிடத்துக்கு 300 தையல் என்று ஓட்டினாலும், ஊசி ஓடும் நேரம் மொத்தமே ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஆனால் இப்படித் துண்டுகளை இணைத்த மேல்துணி தயாராவதற்கு வாரக்கணக்கில் ஆகிறதே? துணியை நேராக்கி வெட்டுவது, தரையில் பரப்பி நிறம் பார்த்து மாற்றி மாற்றி அடுக்குவது, குண்டூசி குத்துவது, இஸ்திரி போடுவது, பாபினில் நூல் சுற்றுவது, கோணலாகப் போனதைப் பிரிப்பது. நேரம் முழுக்க இங்கேதான் போகிறது. அதனால், "இன்றைக்கு மெஷினில் உட்காரவே இல்லை, வேலை நகரவில்லை" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 168 துண்டுகளையும் அளவு பிசகாமல் வெட்டி வரிசைவாரியாகக் கட்டி வைத்தவர், பெரிய வேலையை முடித்துவிட்டார்.

சரி, அப்படியானால் வேலை எங்கே நின்றுபோகிறது? ஒரு வகை வேலையிலிருந்து இன்னொரு வகை வேலைக்கு மாற வேண்டிய இடத்தில்தான். வெட்டிக்கொண்டே இருப்பவர் வெட்டிக்கொண்டே இருப்பார். தைக்க ஆரம்பித்தால் தைத்துக்கொண்டே போவார். நடுவில் ஒரு முடிவு எடுக்க வேண்டும், அல்லது வேறு சாமான்களை எடுத்துப் பரப்ப வேண்டும் என்று வரும்போது, பை பரண் மேலே ஏறிவிடுகிறது.

வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இடம் அப்படிப்பட்டது. ஒட்டுவேலையில் ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைப்பது வழக்கம். இதில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கத் துண்டுகளும் அந்த அளவை இழக்கின்றன. ஒரு வரிசையில் 11 இணைப்புகள், ஆக ஒன்றேகால் அங்குலத்துக்கு மேலேயே குறைந்துவிடும். எல்லா வரிசைகளும் ஒரே மாதிரி குறைந்தால் கவலையில்லை, போர்வை கொஞ்சம் சிறியதாக வரும், அவ்வளவுதான். ஒரு வரிசையை இன்று ஒரு மாதிரியும், மறுவாரம் இன்னொரு மாதிரியும் தைத்தால்தான் வம்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சதுரங்களின் மூலைகள் ஒட்டவே ஒட்டாது. அதனால் கணக்கை விட முக்கியம் ஒரே சீர். மெஷின் தகட்டில் கால் அங்குலத்துக்கு ஒரு காகித நாடாவை ஒட்டிவைத்துவிடுங்கள். அது எத்தனை நாள் இடைவெளி விழுந்தாலும் நகராது.

மூலைகள் பொருந்துவதற்கு இஸ்திரிப் பெட்டியும் துணை. முதல் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் இடது பக்கம் படிய வையுங்கள், இரண்டாவது வரிசையில் வலது பக்கம். இரண்டு வரிசைகளையும் முகத்தோடு முகம் வைத்துப் பெருவிரலால் தடவினால், எதிரெதிரே மடிந்த அந்தத் தடிப்புகள் ஒன்றையொன்று முட்டி, சட்டென்று இடத்தில் உட்காரும். விரலுக்கே தெரியும். அங்கே ஒரு குண்டூசி. இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுக்க வேண்டுமே தவிர, இழுத்துத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் சதுரம் சதுரமாக இருக்காது. கிராஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டிய முக்கோணங்கள் இன்னும் மோசம், பார்க்கும்போதே நீண்டுவிடும்.

இதையெல்லாம் தாண்டி, அழகான மேல்துணியை முடித்து மடித்து வைத்துவிட்டு வருஷக்கணக்காகத் தொடாதவர்கள் நிறையப் பேர். காரணம் அடுத்த கட்டம். மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைப்பதற்கு முன், நகராமல் நிறுத்த வேண்டும். முதலில் அடித்துணி போதாது. வழக்கமான துணி 44 அங்குல அகலம்தான். நமக்கோ நான்கு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக, 68க்கு 78 வேண்டும். ஆக, இன்னொரு துண்டு சேர்த்துத் தைக்க வேண்டும். அப்புறம் ஒரு அறையின் தரை முழுக்கக் காலி செய்ய வேண்டும். அடித்துணியைத் தரையில் விறைப்பாக ஒட்டி, மேலே பஞ்சை விரித்து, அதன் மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டே, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று என்று ஊக்கு குத்த வேண்டும், அல்லது பெரிய பெரிய தையலாக நூல் ஓட்ட வேண்டும். முட்டி வலிக்கும், முதுகு வலிக்கும். இதில் கலை எதுவும் இல்லை, சுத்த உடலுழைப்பு. என் அபிப்பிராயம், இதற்குத் துணையாக ஒருவரைக் கூப்பிடுங்கள். தையல் தெரியாதவராக இருந்தாலும் போதும், எதிர்ப்பக்கம் பிடித்து இழுக்க இரண்டு கைகள்தான் வேண்டும்.

கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். பழைய துணிகளில்தான் செய்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்து, அடித்துணியையும் சேர்த்தே கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போகிறார்கள். நடுவுக்கு வந்துவிட்டால் போர்வையே முடிந்துவிட்டது. மேல்துணி தனி, அடுக்குவது தனி, தைப்பது தனி என்ற பிரிவு அதில் கிடையாது. பாதியில் எடுத்து வைத்தாலும், அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம்.

நம் முறையில் அந்தச் சௌகரியத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு கட்டம் முடிந்த சந்தோஷத்தில் எழுந்துவிடாமல், அடுத்த கட்டத்தில் ஒரு சாண் தைத்துவிட்டு எழுந்திருங்கள். வரிசைகள் எல்லாம் சேர்ந்துவிட்டனவா, அன்றைக்கே அடித்துணியை வெட்டிவிடுங்கள். பைக்குள் ஒரு சீட்டு போடுங்கள். ஊசி என்ன நம்பர், தையல் நீளம் எவ்வளவு, ஓரங்கள் எந்தப் பக்கம் மடிந்திருக்கின்றன, அடுத்தது என்ன. ஆறு மாதம் கழித்து இதையெல்லாம் ஞாபகத்தில் வைத்திருப்பவர் யாருமில்லை. மெஷினில் உட்காரும்போது ஊசியையும் மாற்றிவிடுங்கள். எட்டு மணி நேரம் போல ஓடிய ஊசி மழுங்கிவிடும், துணியில் இறங்கும் சத்தமே 'டொக் டொக்' என்று மாறிவிடும்.

உடுப்புகளிலும் இதே கதைதான். காலர், ஜிப், காஜா, இந்த மூன்றில் ஒன்றில்தான் சட்டை நிற்கும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருப்பது நல்லது. வட்டப் பாவாடையை விளிம்பு மடிக்கும் முன் ஒரு நாளாவது தொங்கவிட வேண்டும், கிராஸாக வரும் பகுதிகள் தம் எடைக்கே கீழே இறங்கும். இறங்கிய பிறகு சமமாக வெட்டி மடிக்கலாம்.

சில வேலைகளை முடிக்காமலே விட்டுவிடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறமே பிடிக்காமல் போய்விட்ட போர்வையை மல்லுக்கட்டி முடிக்க வேண்டிய அவசியம் என்ன? தைத்த நான்கு வரிசைகளைத் தலையணை உறையாக்குங்கள், ஒரு பையாக்குங்கள். மீதிச் சதுரங்கள் வேறொன்றில் சேரட்டும்.

முடிக்கப்போகிறவர்களுக்குக் கடைசியாக ஓரப்பட்டி, அதாவது போர்வையின் விளிம்பைச் சுற்றி மடித்துத் தைக்கும் பட்டி. நம் கணக்குப் போர்வைக்குச் சுற்றளவு 260 அங்குலம். மூலைக்கும் முடிப்புக்கும் பத்து அங்குலம் கூட்டி, 44 அங்குலத் துணியின் குறுக்கே, இரண்டரை அங்குல அகலத்தில் ஏழு பட்டிகள் வெட்டினால் போதும். துணியில் குறிக்கும், நீரில் கரையும் நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தால், குளிர்ந்த நீரில் அது முழுதாகப் போன பிறகுதான் இஸ்திரி. சூடு பட்டால் சில மையின் கறை அப்படியே தங்கிவிடும். முதல் துவைப்பில் பருத்தி கொஞ்சம் சுருங்கி, போர்வை முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். கோணல் தையல் எங்கே இருந்தது என்று அதற்கப்புறம் உங்களாலேயே தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நன்றி, வணக்கம்.