நடந்ததை ஒரு தடவைதான் எண்ண வேண்டும்

(கும்பகோணத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். மகாமகக் குளத்தைச் சுற்றித் தினமும் நடப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களை இன்றைக்கு விட்டுவிடுகிறேன். "எழுந்ததிலிருந்து உட்கார நேரமில்லை, இதில் நடைப்பயிற்சி வேறயா?" என்று கேட்கிற அம்மாக்களோடுதான் எனக்குப் பேச்சு. வாசல் தெளிப்பது, மாடிக்கு ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு போவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, ரேஷன் கடைக்குப் போய் வருவது, இதெல்லாம் கலோரிக் கணக்கில் சேருமா?

சேரும். நீங்கள் ஷூ போட்டிருக்கிறீர்களா, செருப்பு போட்டிருக்கிறீர்களா என்று உடம்பு பார்ப்பதில்லை.

உட்கார்ந்து வேலை பார்ப்பவர் ஒரு நாளில் செலவிடும் கலோரியில் ஏறக்குறைய 60 சதவீதம், சும்மா படுத்திருந்தாலும் போகிற செலவு. இதயம் துடிக்க, மூளை ஓட, உடம்பு சூடாக இருக்க. சாப்பிட்டதைச் செரிக்கச் சுமார் 10 சதவீதம். மிச்சமெல்லாம் அசைவு. ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் வருவது அந்த மிச்சத்தில்தான்.

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவைன் குழு 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 16 பேருக்கு, தேவைக்கு மேல் தினமும் 1000 கலோரி, 8 வாரம் ஊட்டினார்கள். தனியாக உடற்பயிற்சி கூடாது. கடைசியில் ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புகூட ஏறவில்லை, இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல் ஏறியது. ஏறாதவர்கள் தங்களை அறியாமலே அதிகம் அசைந்திருக்கிறார்கள். எழுந்து நிற்பது, நடமாடுவது, கைகாலை ஆட்டிக்கொண்டிருப்பது, அவ்வளவுதான். ஓர் இடத்தில் நில்லாத பிள்ளையைத் திட்டுகிறோமே, கொஞ்சம் யோசித்துத் திட்டலாம்.

அப்புறம் நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்த வேலை செய்தால் ஒரு நாளைக்கு 1660 கலோரி போதும். கடும் உடலுழைப்பு என்றால் 2720. இடையில் 1060 கலோரி. மாமியார் குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, வீட்டுக்கு வந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டினார். இன்றைக்கு நடவு இயந்திரம் வந்துவிட்டது, அறுவடைக்கும் வண்டி வந்து நிற்கிறது. 2011-இல் அரசே மிக்சியும் கிரைண்டரும் கொடுக்க ஆரம்பித்தது. வேலை இறங்கிவிட்டது. தட்டில் சோறு மட்டும் நடவுக் காலத்து அளவிலேயே இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, "அதனால்தான் பழைய காலமே நல்லது" என்பார். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நின்றவரின் இடுப்பைக் கேட்டால் வேறு பதில் வரும். ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நான் வரவில்லை. அதை யார் ஆட்டப்போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சரி, தப்பு எங்கே நடக்கிறது? எண்ணுவதில். 60 கிலோ எடையுள்ளவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்குச் சுமார் 60 கலோரி போகும். மிதமாக ஒரு மணி நேரம் நடந்தால் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். போனும் 200 என்று காட்டும். ஆனால் அதில் 60, நடக்காவிட்டாலும் போயிருக்கும். நடந்ததற்கான கூலி 140. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஆக மொத்தம் சுமார் 15 கிராம் எண்ணெய். நடை முடிந்து வரும் வழியில் ஒரு தட்டு பஜ்ஜி சாப்பிட்டால் கணக்கு என்ன ஆகும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. போனில் கலோரி எண்ணும் செயலியில் முதலிலேயே "நாள் முழுக்க நடமாடும் வேலை" என்று பதிந்துவிடுகிறோம். வீட்டு வேலை அந்த இடத்திலேயே சேர்ந்துவிட்டது. பிறகு அதே நடமாட்டத்தைக் கைக்கடிகாரம் காலடிகளாக எண்ணி மறுபடி கூட்டுகிறது. ஒரே மூட்டை நெல்லை இரண்டு தடவை எடை போட்ட மாதிரி.

கூட்டல்கூட நேராக வராது. டான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்பவர்கள். ஹெர்மன் பொன்ட்சர் என்ற ஆய்வாளரின் குழு, அவர்கள் ஒரு நாளில் செலவிடும் கலோரியை அளந்து 2012-இல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் கொண்டால், அவர்களின் ஒரு நாள் செலவு மேலை நாட்டு மக்களைவிட அதிகமில்லை. அசைவு கூடும்போது உடம்பு வேறு இடத்தில் சிக்கனம் பிடிக்கிறது என்கிறார் அவர். இதில் ஆய்வாளர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. என் கட்சி இது: எடை குறைய வேண்டுமானால் முதலில் தட்டைப் பாருங்கள். நடப்பது சர்க்கரைக்கும் இதயத்துக்கும். முக்கியமாக, சோறு சாப்பிட்டதும் படுக்காமல் கொஞ்ச நேரம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார், கோயில் பிரகாரம் சுற்றுவது கணக்கில் வருமா என்று. வரும் அம்மா. வெளியே வரும்போது வாங்கிய சர்க்கரைப் பொங்கலும் வரும்.